சுரண்டிப் பார்த்தவர்

என் மனைவியின் சித்தப்பாவுக்கு எந்தப் பொருளின் மேல்பக்கத்திலும் நம்பிக்கை கிடையாது. தட்டில் தோசை வைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். சோபாவில் உட்காரச் சொன்னால் மெத்தையைத் தூக்கி, அடியில் இருப்பது வேங்கையா பிளைவுட்டா என்று தெரிந்துகொண்ட பிறகே உட்காருவார். பொங்கலுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தால் நிறத்தைப் பார்க்க மாட்டார், உள்தையலைப் பார்ப்பார். "மேலாப்புல பாத்தா என்னங்க தெரியும்?" என்று கேட்பார். நாம் பதில் யோசிப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் நகம் வேலையை ஆரம்பித்திருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்ற பயம் ஒன்று. எழுதினால் அந்தப் பெயரை யார் வைத்தது, எந்தக் கோயில் சாமியின் பெயர், அந்தக் கோயிலுக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் வழியிலேயே நானும் இறங்கவேண்டி வரும் என்பது இன்னொன்று. அவர் இன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை நகத்தால் சுரண்டிவிட்டு, "இதை எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டிருப்பார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர். ரிக் வண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் போதும், வெளியூர்க்காரர்களுக்குத்தான் போர்வெல் போடும் லாரி என்று விளக்க வேண்டியிருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அடுத்த மாநிலத்துப் பூமியில் துளை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஊர்த் திருவிழாவுக்குத் திரும்புவார். தரையின் மேல்பாகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடமாம். வயதாகி, வண்டியை மகன்களிடம் ஒப்படைத்த பிறகும் அவர் அந்தப் பாடத்தை விட்டு நகரவில்லை. துளை போட பூமி கிடைக்காததால் எங்களைப் போட்டார்.

ஒருமுறை எனக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். ஆப்பிள் பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"எதனாலங்க வலி?"

"டிஸ்க் தேஞ்சிருக்குதாம் மாமா."

"எதனால தேஞ்சுது?"

"உக்காந்தே வேலை பாக்கறதாலன்னு டாக்டர் சொல்றாரு."

"காலேஜுல பாடம் நடத்தறதுன்னா நின்னுட்டுத்தானுங்களே நடத்தறது?"

நான் பொருளாதாரம் நடத்துகிறவன். பல வருஷங்களாக நாற்காலியில் உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் படித்துக்காட்டிச் சம்பளம் வாங்குகிறவன். இது என் மாணவர்களுக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாமல் இருந்தது. அன்றைக்குத் தெரிந்தது. வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்களில் வலியின் அடிவரைக்கும் போனவர் அவர் ஒருவர்தான். எழுந்து போகும்போது, "நின்னு பாருங்க மாப்ள, சரியாயிரும்" என்றார். பாடத்தைச் சொன்னாரா முதுகைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சொந்தத்தில் யாருக்காவது வரன் வந்தால் விசாரிக்க அவரைத்தான் அனுப்புவார்கள். மாப்பிள்ளை ஊருக்குப் போவார். பேக்கரியில் டீ குடிப்பார். வெட்ட வேண்டாத தலைக்கு முடி வெட்டிக்கொள்வார். மாட்டு வியாபாரி போலச் சந்தையில் நாயம் பேசி வாயைக் கிளறுவார். திரும்பி வரும்போது அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் அவர் கைக்குள் இருக்கும். ஒருமுறை எல்லாரும் மிகவும் விரும்பிய ஒரு சம்பந்தத்தை இப்படி முடித்துவைத்தார்: "பையன் தங்கமுங்க. சொத்து சுத்தம். ஆனா அவங்க பெரியப்பன் ஊட்டு நாயி பக்கத்தூட்டுல சோறு திங்குது. என்னன்னு யோசிச்சுக்குங்க." யோசித்தார்கள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை.

அதே மனிதர், என் மனைவியின் பெரியம்மா பேரன் ஒருவன் தானாகவே பெண் பார்த்து, இரண்டு வீட்டுச் சம்மதத்தையும் வாங்கிக் கல்யாணத் தேதியும் குறித்தபோது அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பணமோ ஜாதகமோ வேறு எதுவுமோ காரணமில்லை. "எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிட்டாங்க. அப்பறம் நான் எதுக்கு? பந்தியில தண்ணி ஊத்தறதுக்கா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலை கிடைக்காமல் திரும்புகிற ஆளைப் போலச் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த என் மகள், கூட வேலை பார்த்த பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தாள். பையனுக்குச் சொந்த ஊர் வெண்ணந்தூர். அவன் வீட்டில் சரி என்றார்கள். நாங்களும் சரி என்றோம். என் மாமனார் சின்ன வயதிலேயே போய்விட்டவர். என் மனைவியைப் படிக்கவைத்து, தாரை வார்த்துக் கொடுத்தது இந்தச் சித்தப்பாதான். "சித்தப்பா வந்து உக்காராத கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. "எனக்கு இந்தப் பையன் இல்லாத கல்யாணம் வேண்டாம்" என்றாள் மகள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

கடைசியில் இது கோயிலில் யாரோ சொல்லி வந்த ஜாதகம் என்று அவரிடம் சொல்வதாக ஏற்பாடு. பையன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், முன்பின் தெரியாதவர்களைப் போல உட்காருவார்கள், பிடித்துவிட்டது என்பார்கள், அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு குடும்பமும் சேர்ந்து போடுகிற நாடகம். பார்வையாளர் ஒரே ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தோம். அவர் செவ்வாய்க்கிழமையே துணிப்பையோடு வந்து இறங்கினார்.

"ஞாயித்துக்கெழம வர்றவங்கள ஞாயித்துக்கெழமையே வந்து பாத்தா என்னங்க தெரியும்? நாளைக்கு வெண்ணந்தூரு போயிட்டு வாரேன்" என்றார்.

லீவில் வந்திருந்த மகள் சமையலறையில் பாத்திரம் ஒன்றைக் கீழே போட்டாள். வெண்ணந்தூரில் பையனின் சிநேகிதர்கள் எல்லாருக்கும் பெங்களூர்க் கதை தெரியும். அவர் முடி வெட்டிக்கொள்ளப்போகும் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். வெட்டி முடிப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

நாங்கள் அப்போதுதான் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறியிருந்தோம். முந்தைய உரிமையாளர் ஹால் சுவர் ஒன்று முழுக்க வால்பேப்பர் ஒட்டியிருந்தார். பூவோ கொடியோ இல்லை, செங்கல் படம். செங்கல் சுவர் கட்டி, அது தெரியக்கூடாதென்று சிமென்ட் பூசி, சிமென்ட் தெரியக்கூடாதென்று பெயிண்ட் அடித்து, அதன் மேல் செங்கல் படம் ஒட்டி வாழ்ந்திருக்கிறார். கீழ்மூலையில் ஈரம் ஏறி, படத்துச் செங்கல் நாலைந்து உப்பிப் பூரி போலிருந்தன. வருகிறவர்கள் பார்வை முதலில் அங்கேதான் போகும். நானே உரித்துவிடலாம் என்று செல்போனில் வீடியோ பார்த்து ஒரு நாள் முயன்றேன். தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு வந்தது. அதோடு நகமும் வந்தது. பிறகு வெண்ணந்தூர்க்காரர் அல்லாத ஒரு பெயிண்டரைத் தேடிப் பிடித்தோம். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "எதுக்குங்க உரிச்சுக்கிட்டு? உப்பலை மட்டும் அறுத்து எடுத்துட்டு, பேப்பரு மேலயே எண்ணெய் பிரைமர் ஒரு கோட்டு, பெயிண்ட் ரண்டு கோட்டு. பேப்பரு இருக்கறதே தெரியாதுங்க" என்றார். புதன்கிழமை வேலை ஆரம்பிப்பதாகப் பேச்சு.

புதன்கிழமை காலையில் சித்தப்பா குளித்து, திருநீறு பூசி, வெண்ணந்தூருக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் வாளியோடு உள்ளே வந்தார். என் மனைவி காபி டம்ளரைச் சித்தப்பாவிடம் நீட்டி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"சித்தப்பா, இந்தப் பேப்பர உரிக்காம மேலயே பெயிண்ட் அடிச்சரலாங்கறாரு. அடிச்சறட்டுங்களா?"

இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் டம்ளரை அப்படியே திண்டில் வைத்தார்.

"ஏம்ப்பா, அடியில என்ன இருக்குதுன்னு தெரியாம அதும்மேல எப்பிடி அடிப்ப?"

"செவுருதானுங்க இருக்கும்" என்றார் பெயிண்டர்.

"பாத்தியா?"

"பாக்கலீங்க. ஆனா செவுருதானுங்களே..."

"பாக்கலையில்ல?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெண்ணந்தூர்ப் பயணம் நின்றது.

சுடுதண்ணீர் கேட்டார். ஸ்பாஞ்சு கேட்டார். பெயிண்டரின் பட்டித் தகட்டை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். மேல் பிளாஸ்டிக் தோல் ஒரு பக்கம் உரிந்து வந்தது, அடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நனைத்துச் சுரண்டினார். பசை வந்தது. பசையைக் கழுவினார். ரோஸ் பெயிண்ட் வந்தது. எந்தப் பெயிண்டரும் அங்கே நிறுத்தி உப்புத்தாள் போட்டிருப்பார். எங்கள் பெயிண்டரும் ஆசையோடு எழுந்து வந்தார். "இருப்பா" என்றார் சித்தப்பா. ரோஸுக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் பச்சை வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மாப்ள, இங்க வாங்க. இந்தப் பச்சையப் பாருங்க. எங்கயோ திட்டு, எங்கயோ மெலிசு. ஆரோ விருந்தாளி வராங்கன்னு அவசரத்துல அடிச்சிருக்கறாங்க."

"இருக்கும் மாமா" என்றேன். எங்கள் வீட்டிலும் விருந்தாளி வருகிறார்கள் என்பதை நினைவூட்ட வாய் வரவில்லை.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சுவர் வேலை சீக்கிரம் முடிந்தால் அவர் வெண்ணந்தூர் பஸ் ஏறிவிடுவார். முடியாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் இடிந்த வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். வேலை சனிக்கிழமைவரை நடக்கவும் வேண்டும், சனிக்கிழமை முடிந்திருக்கவும் வேண்டும். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டலாம். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

பச்சைக்கு அடியில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அடியில் சிமென்ட். சிமென்ட்டை விரல்முட்டியால் தட்டினார். "சத்தம் சரியில்லைங்க" என்றார். சுத்தியல் கேட்டார். நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம், ஆனால் பெயிண்டர் வைத்திருந்தார். செங்கல் படத்தைச் சுரண்ட ஆரம்பித்தவர் வியாழக்கிழமை மத்தியானம் செங்கலுக்கே வந்து சேர்ந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு திட்டு, சுவரின் எலும்பு தெரிந்தது. நான் கொஞ்ச தூரம் தள்ளி நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். படம்தான் நன்றாக இருந்தது.

பெயிண்டர் தினமும் காலையில் வருவார். "இன்னிக்கு அடிக்கலாங்களா?" என்று கேட்பார். பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து டீ குடிப்பார். அடுத்தவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அவருக்குப் பிடித்துப்போனது.

இதற்கு நடுவில் போன் விவகாரம் ஒன்று வந்தது. புதன்கிழமை பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், மகள் ஹால் கதவோரம் நின்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். தகட்டை நிறுத்தாமலே அவர் கேட்டார்:

"ஆரு சாமி போன்ல?"

எதிரே சுவர் இருந்தது. அவள் வாயில் அதுதான் வந்தது.

"வால்பேப்பர் கம்பெனி கஸ்டமர் கேர் அப்புச்சி. எப்பிடி உரிக்கறதுன்னு கேட்டுட்டிருக்கறேன்."

"அப்பிடியா? குடு இங்க."

மகளுக்கு வேறு வழியில்லை. ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தாள். பையன் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"வணக்கம் சார். சொல்லுங்க சார், எப்படி உதவட்டும்?"

"ஏஞ்சாமி, ஒட்டறதுக்குப் பசை வெச்சீங்க. உரிக்கறதுக்கு ஒண்ணும் வெக்கலயா?"

"சுடுதண்ணில கொஞ்சம் வினிகர் கலந்து அடிங்க சார். சித்த நேரம் ஊறட்டும். அப்பறம் தகட்டைச் சாய்ச்சுப் புடிச்சுச் சுரண்டுங்க."

பையன் எதையோ தட்டித் தேடிக்கொண்டே சொல்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தலையாட்டினார்.

"நல்லா வெவரமாச் சொல்ற. நீ எந்தூரு சாமி?"

"பெங்களூர் சார்."

"அது ஆபீசு. ஊரு?"

தட்டுகிற சத்தம் நின்றது. "நாமக்கல் பக்கம் சார்."

"நாமக்கல்ல எங்க?"

"சார், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து காலையிலும் பொழுதோடவும், "சாமி, கஸ்டமர் கேருக்குப் போன் போடு" என்பார். அவனும் முதல் மணியிலேயே எடுப்பான். பசை போகவில்லை என்றால் என்ன, சிமென்ட் பூசின இடம் எத்தனை நாளில் காயும், ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இருவரும் பேசிக்கொண்டேயிருப்பார்கள். வேலைக்கு நடுவே வெளியே ஓடி வந்து பேசியிருக்கிறான். வீட்டில் ஒரு சுவர் பிரச்சினை என்று மேலதிகாரியிடம் அனுமதி வாங்கினானாம். அது பொய்யில்லை.

"நானும் எத்தனையோ கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கறேனுங்க" என்றார் சித்தப்பா என்னிடம். "பம்புக்காரன், கம்ப்ரசர்க்காரன், டயருக்காரன். ஒருத்தனும் இப்பிடிப் பேசுனதில்ல. இவன் எத்தன கேட்டாலும் சலிக்காமச் சொல்றான்."

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அது வெடித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்து, "அம்மிணி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத" என்றார்.

"சொல்லுங்க சித்தப்பா."

"ஞாயித்துக்கெழம வர்ற பையன நான் இன்னும் பாக்கல. போட்டோ மேலாப்பு, அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா நம்ம கஸ்டமர் கேரு பையன் இருக்கறானே, நாமக்கல் பக்கம்ங்கறான். பொறுமையான பையன். நம்ம புள்ளைக்கு அவனப் பேசிப் பாத்தா என்ன?"

ரசம் என் இலையைத் தாண்டிப் போனது.

"அதெப்பிடிங்க சித்தப்பா," என்றாள் மனைவி, "வரச் சொன்னவங்கள..."

"வரட்டும். பாப்போம். இவன உடத் தேவலையா இருந்தா முடிச்சுக்கலாம். இல்லீன்னா காபி குடுத்து அனுப்பிச்சரலாம்." பிறகு என் மகளைப் பார்த்து, "நீ என்ன சாமி சொல்ற?" என்றார்.

மகள் இலையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க சொன்னாச் சரி" என்றாள். அப்போது அவள் சிரித்தாளா அழுதாளா என்பது அவள் அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை தீராத வழக்கு.

ஆக, அவர் அவளுக்கென்று தேர்ந்தெடுத்த பையனும் அவளே தேர்ந்தெடுத்த பையனும் ஒரே பையன். இதைவிட நல்ல சம்பந்தம் உண்டா? ஆனால் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கொண்டோம் என்று ஆகிவிடும். துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். என் மனைவி அவர் பின்னாலேயே போவாள். மகளுக்கு யார் பின்னால் போவது என்று தெரியாது. கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குரல் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை பெயிண்டர் செங்கல் தெரிந்த திட்டுக்குச் சிமென்ட் பூசி, உரித்த பாகத்துக்கெல்லாம் பட்டி போட்டார். ஜன்னலோரமாகக் கதவு அகலத்துக்கு உரிக்காத வால்பேப்பர் மிஞ்சி நின்றது. அதற்குள் பொழுது போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சுவர் கண்ணில் படாதபடி, அவர்கள் முதுகு அதன் பக்கம் இருக்கும்படி சோபாவைத் திருப்பிப் போட்டேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. அப்பா உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். முன்பின் தெரியாதவரைப் போல நடிக்கச் சொன்னதை மனதில் வைத்து, என்னை அவருக்கு அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். செய்துகொண்டேன்.

சித்தப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கீங்க வேலை?" என்று பையனைக் கேட்டார்.

"பெங்களூருங்க" என்றார் அப்பா.

"என்னங்க படிச்சிருக்கீங்க?"

"இன்ஜினியரிங்குங்க" என்றார் அம்மா.

"அங்க சாப்பாடெல்லாம் எப்பிடிங்க? நம்ம பக்கத்தாட்டம் இருக்குங்களா?"

பெற்றவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து மூடிக்கொண்டார்கள். பையன் புன்னகை செய்து, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"தொண்டை கட்டியிருக்குதாம் மாமா" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எதனால கட்டுச்சு?"

"ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். பையனின் அம்மா காப்பாற்ற நினைத்து, "அவன் சுபாவமே அதிகம் பேச மாட்டானுங்க" என்றார். தொண்டைக்கட்டா சுபாவமா என்று இரண்டு காரணம் வந்துவிட்டது. அவர் இரண்டையும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மனைவி பக்கம் சாய்ந்து, தெருவில் போகிறவருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"அம்மிணி, கஸ்டமர் கேரு எவ்வளவோ தேவலை."

பையன் இருமினான். மகள் காபித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

சித்தப்பா எழுந்து சோபாவுக்குப் பின்னால் போனார். பட்டி போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எங்களில் யாரிடமும் கேட்காமல், சுவரிடமே பேசுகிறவர்போல, "இன்னும் ஈரம் போகல. நாளைக்குக் காலைலயே பிரைமர அடிச்சரலாம்னு பாக்கறேன்" என்றார்.

"அய்யோ, அடிச்சறாதீங்க" என்றான் பையன். சோபாவில் பாதி எழுந்து திரும்பியிருந்தான். "ஈரத்தோட அடிச்சா மறுபடியும் உப்பிரும். சிமென்ட்டு காயட்டும்னு வெள்ளிக்கெழமையே சொன்னனே..."

பையன் தன் வாயைத் தானே கையால் பொத்தினான். அது இப்போது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. என் மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் தட்டை யாரிடமாவது கொடுக்க விரும்பியவளைப் போலப் பார்த்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தார். மிஞ்சியிருந்த வால்பேப்பரின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எத்தனை நாளாகத் தெரியும், கோயில் ஜாதகம் யார் சொன்னது, போனை முதல்முறை எடுத்தபோது என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக உரிந்து வரும். அந்த வேலையில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை.

நகத்தை எடுத்துவிட்டு அந்த ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையனின் அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"ராஜஸ்தான்ல ஒரு ஊருங்க. மொத நாளே தண்ணி வந்துருச்சு. வாயில வெச்சா எளநியாட்டம் இருந்துது. ஊருச்சனம் கொடத்தத் தூக்கிட்டு வந்து நிக்குது, வண்டிய நிறுத்துங்கறாங்க. நான் கேக்கல. இன்னும் அடியில என்ன இருக்குதுன்னு பாத்தரலாம்னு பைப்பு மேல பைப்பா எறக்குனேன்."

"சரிங்க" என்றார் பையனின் அப்பா. எதற்குச் சரி என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"அடியில ஒரு வெடிப்பு இருந்துதுங்க. வந்த தண்ணி பூராவும் அதுக்குள்ள எறங்கிப் போச்சு. கொடத்தோட நின்ன பொம்பளைங்க ஒரு வார்த்தை சொல்லல. என்னையப் பாத்துட்டே நின்னாங்க." தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "அவங்க திட்டியிருந்தாத் தேவலைங்க."

பையனின் அப்பா சோபா நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பறம் என்னங்க பண்ணுனீங்க?"

"வண்டியக் கட்டிட்டு ஓடியாந்துட்டோம். வேற என்ன பண்றது?"

பையனின் அப்பா பெருமூச்சு விட்டார். பேச்சை மாற்ற நினைத்தவர்போலத் திரும்பி, நான் அவ்வளவு பாடுபட்டு மறைத்த சுவரை முழுசாகப் பார்த்தார். "இந்தப் பேப்பரு மட்டும் மிச்சம் இருக்குதாட்டங்க. உரிக்கோணுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க" என்றார் சித்தப்பா. "அது அப்பிடியே இருக்கட்டும். மேலயே பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

என் மனைவி சட்டென்று உள்ளே போனாள். வெற்றிலைத் தட்டு எடுக்கத்தான் போனாள், ஆனால் எடுத்து வர ரொம்ப நேரமாயிற்று.

அவர் பையனைப் பார்த்தார். பையன் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பேப்பரு மேல அடிக்கறதுன்னா மொதல்ல என்னங்க பண்ணோணும்?"

பையன் என் மகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். காபித் தட்டோடு நின்றிருந்த என்னிடம் அவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"மொதல்ல..." என்று கையை எடுத்தான். "மொதல்ல எங்கெங்க ஒட்டு விட்டிருக்குதுன்னு பாக்கோணுங்க..."

"சொல்லுங்க மாப்ள" என்று நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. கேக்கறதுக்குத்தான உக்காந்திருக்கறேன்."